பயமா, திடுக்கிடலா, குமட்டலா? விமர்சனம் பிரித்துச் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் திரை விமர்சனப் பகுதியில் திகில் படங்களுக்குப் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் கிடைக்கிறது: "பயமுறுத்துகிறது", இல்லையென்றால் "பயமுறுத்தத் தவறுகிறது". ரத்தம் கொஞ்சம் கூடுதலாகத் தெறித்தால் "இளகிய மனம் கொண்டவர்கள் தவிர்க்கவும்" என்று ஒரு வாலும் சேரும். திகில் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கும் எங்களுக்கு இந்த வரிகளால் எந்தப் பயனும் இல்லை. எப்போதாவது ஒன்று பார்க்கிறவருக்கோ தொல்லைதான். பேய் வரும் என்று போனவர் குடலைப் பார்த்துவிட்டு வருகிறார். குடலைப் பார்க்கப் போனவர் இரண்டு மணி நேரம் காலியான தாழ்வாரத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்.

திகில் படம் பார்ப்பவர் உடம்பில் நடப்பவை மூன்று. பின்னாலிருந்து யாரோ "ஓய்" என்றதும் துள்ளுகிறோமே, அது திடுக்கிடல். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ என்று வயிற்றைப் பிசைவது கிலி. பிளந்த சதையைப் பார்த்து முகம் சுளிப்பது குமட்டல். மூன்றையும் செய்யும் தொழில்நுட்பம் வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு. இந்தப் பிரிவினை நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் இளிவரலையும் (அருவருப்பை) தனித்தனியாகத்தான் வைக்கிறது. அச்சத்துக்கு அது சொல்லும் காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை. பேய்ப் படம், சுறா படம், முகமூடிக் கொலைகாரன் படம், அதிகாரத்திடம் சிக்கியவன் படம் என்று இன்றைக்கும் கடை விரிக்கலாம். இளிவரலுக்குச் சொல்லும் நான்கில் மூப்பும் பிணியும் இருக்கின்றன. உடல் அழுகி உருமாறும் படங்களின் மூலதனமே அந்த இரண்டுதான்.

முதலில் மயக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். "தியேட்டரில் ஒருவர் மயங்கி விழுந்தார், அவ்வளவு பயங்கரமான படம்" என்பது விளம்பரக்காரர்களுக்குப் பிடித்த பேச்சு. அது பயத்துக்குச் சான்று ஆகாது. பயத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். அழுத்தம் ஏறியிருக்கும்போது மயக்கம் அவ்வளவு எளிதில் வராது. ரத்தம், காயம், ஊசி ஆகியவற்றைக் கண்டால் ஒவ்வாதவர்களுக்கு மட்டும் அழுத்தம் சற்று ஏறி, பிறகு சடாரென இறங்கும், துடிப்பும் குறையும், மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சரிவார். இரண்டும் எதிரெதிர் திசையில் ஓடுபவை. பேய்ப் படத்தைத் தனியாக நள்ளிரவில் பார்க்கும் ஒருவர், விரல் நறுக்கும் காட்சியில் சரிந்து விழலாம். அதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

இதற்கு ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் முறைப்படுத்திய பயிற்சி ஒன்று உண்டு. கை, கால், வயிறு, தொடைத் தசைகளை முறுக்கி இறுக்க வேண்டும். முகத்தில் சூடு பரவுவது தெரியும்வரை, அதாவது 10 முதல் 15 நொடி, அப்படியே பிடிக்க வேண்டும். பிறகு முழுக்கத் தளர்த்தாமல் பழைய நிலைக்கு மட்டும் திரும்பி 20, 30 நொடி விட வேண்டும். இதை ஐந்து முறை செய்யலாம். குளிர்ந்த வியர்வை, காது அடைப்பு, பார்வையின் ஓரம் கறுத்து வருவது ஆகியவை முன்னறிகுறிகள்; அப்போதே தொடங்க வேண்டும். பலர் செய்யும் தவறு, கண்ணை மூடி, மூச்சை நீளமாக விட்டு உடம்பைத் தளர்த்துவது. பேய்ப் படத்துக்கு அது சரியான மருந்து. ரத்தத்துக்கு அதுவே வினையாகும், ஏற்கெனவே இறங்கும் அழுத்தம் இன்னும் இறங்கும். எழுந்து வெளியே ஓடுவதும் ஆபத்து. படிக்கட்டில் விழுந்து அடிபடுவது இப்படித்தான். உட்கார்ந்த இடத்திலேயே காலைக் குறுக்கே போட்டு இறுக்கிக்கொள்வது மேல்.

அடுத்து திடுக்கிடல். ஜம்ப் ஸ்கேர் (சட்டென ஒன்றைக் காட்டித் துள்ள வைக்கும் உத்தி) என்றாலே மட்டம் என்று பேசுவது ரசிகர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. இதை எழுதுபவர்களில் ஒருவருக்கு அது ஏமாற்று வித்தை. மற்றவர்களுக்கு அது தாளக் கணக்கு. கணக்கு என்பதே எங்கள் பெரும்பான்மைக் கட்சி. திடுக்கிடும் அனிச்சை ஒலியின் உரப்பை மட்டும் பொறுத்ததில்லை, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதையும் பொறுத்தது. மெல்ல மெல்லப் பெருகும் இடி எவ்வளவு பெரிதானாலும் துள்ள வைக்காது. நிசப்தத்தில் சட்டென விழும் தட்டு துள்ள வைக்கும். அதனால்தான் கை தேர்ந்த ஒலிக்கலவைக்காரர் அடிக்கு முன்னால் பின்னணி இரைச்சலையும் சேர்த்தே இறக்குவார். பூச்சிச் சத்தம், மின்விசிறி, தூரத்துப் போக்குவரத்து என எல்லாம் ஒவ்வொன்றாக வடியும். பார்ப்பவர் அதைக் கவனிக்க மாட்டார், ஆனால் காது தானாகக் கூர்மையாகும்.

இந்த வித்தையின் மூதாதை 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்'. ஒரு பெண் இரவில் நடக்கிறாள். பின்தொடரும் காலடி நின்றுவிடுகிறது. சிறுத்தை பாயப்போகிறது என்று நினைக்கும் நொடியில் சீறிக்கொண்டு திரைக்குள் நுழைவது ஒரு பேருந்து. தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் 'லூட்டன் பஸ்' என்றே அந்த உத்தி வழங்கப்படுகிறது. ஆபத்து வரவேண்டிய திசையிலிருந்து அசட்டுப் பொருள் ஒன்று வருகிறது. இன்றைக்கு அலமாரியிலிருந்து பாயும் பூனையெல்லாம் அந்தப் பேருந்தின் பேரப்பிள்ளைகள். கெட்டுப்போன பேரப்பிள்ளைகள் என்றும் சொல்லலாம். அந்தப் படத்தில் பேருந்துக்கு முன் இருந்த நடை நீளமானது. இப்போது பூனை மட்டும் மிச்சம்.

எதனால் சறுக்குகிறது? ஒன்று, பழக்கம். அனிச்சை என்றாலும் அடுத்தடுத்து வந்தால் மங்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று மணி அடித்தாற்போல் வைத்தால் நான்காவதில் உடம்பு தயாராகிவிடும். இரண்டு, இடம். நடிகரை ஓரத்தில் ஒதுக்கி, பக்கத்தில் இருட்டு வாசலைக் காலியாக விட்டாலே எங்கிருந்து வரும் என்று தெரிந்துபோகிறது. தேர்ந்தவர்கள் காலியிடத்தைக் காட்டிவிட்டு அதிலிருந்து எதையும் வரவிட மாட்டார்கள். மூன்று, ஒத்திசைவு. உருவம் தோன்றும் பிரேமிலேயே ஒலி விழ வேண்டும். ஒரு பிரேம், அதாவது திரையில் ஓடும் ஒரு தனிப் படம், நிற்பது ஏறக்குறைய 42 மில்லிநொடி. மூன்று நான்கு பிரேம் பிந்தினால் கண் முந்திக்கொண்டு விடும், ஒலி வெறும் கூச்சலாகும். 'எக்ஸார்சிஸ்ட் 3' (1990) படத்தின் மருத்துவமனைத் தாழ்வாரக் காட்சியை ரசிகர்கள் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவது இதற்காகத்தான். கேமரா தூரத்தில் நகராமல் நிற்கிறது. செவிலி ஒருத்தி தன் வேலையைப் பார்க்கிறாள். சின்னதாக ஒரு போலி அதிர்ச்சி வந்து போகிறது. பார்ப்பவர் மூச்சு விட்ட பிறகு, அவள் அறையைப் பூட்டித் திரும்பி நடக்கும்போது, அடி விழுகிறது. பயன்படுத்தியது ஒரு வெள்ளைத் துணியும் ஒரு பெரிய கத்தரியும்தான்.

இங்கே வீட்டில் பார்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். திரையரங்கில் ஒலியின் அளவு உலகெங்கும் ஒரே அடிப்படையில் வைக்கப்படுகிறது: ஒவ்வொரு முன் ஒலிபெருக்கியும் 85 டெசிபல் அளவுக்குச் சீர்செய்யப்பட்டு, உச்சத்தில் 105 வரை போக இடம் விடப்படும். முணுமுணுப்புக்கும் அலறலுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளம்தான் திடுக்கிடலின் உயிர். டி.வி.யிலும் சவுண்ட்பாரிலும் 'நைட் மோட்', 'ஆட்டோ வால்யூம்', 'வால்யூம் லெவலிங்' என்று எதிலாவது ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். அது முணுமுணுப்பைத் தூக்கி, அலறலை அமுக்கி, பள்ளத்தை நிரவிவிடும். பிறகு படம் சப்பென்று இருக்கிறது என்றால் இயக்குநர் என்ன செய்வார்? அவற்றை அணைத்துவிட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியை ஒருமுறை வைத்தபின் ரிமோட்டைத் தொடக் கூடாது. ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தும். பல செயலிகள் படத்தையும் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சரிக்கட்டும், எல்லா டி.வி.யும் அப்படிச் செய்வதில்லை. உதடு அசைவும் பேச்சும் பொருந்துகிறதா என்று முதல் உரையாடலிலேயே பார்த்துக்கொள்ளலாம். 'மோஷன் ஸ்மூத்திங்' எந்தப் பெயரில் இருந்தாலும் அதையும் அணைத்துவிட வேண்டும். அது படத்தில் இல்லாத பிரேம்களை இட்டு நிரப்பி, லேட்டெக்ஸ் (ரப்பர்) முகமூடியை லேட்டெக்ஸ் முகமூடியாகவே காட்டிக்கொடுக்கும்.

இனி ரத்தம். விமர்சகர்கள் மிகக் குறைவாக எழுதுவதும், நாங்கள் மிக அதிகமாகச் சண்டை போடுவதும் இதைப் பற்றித்தான்.

கறுப்பு வெள்ளைக் காலத்தில் நிறம் ஒரு பிரச்சினையே இல்லை, அடர்த்திதான் பிரச்சினை. 'சைக்கோ' (1960) குளியலறையில் ஓடியதும், 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) படத்தில் வழிந்ததும் சாக்லேட் சிரப். வண்ணம் வந்ததும் சிக்கல் வந்தது. சாயம் கலந்த பாகு கையில் சரியாகத் தெரியும், கேமராவில் பெயிண்டாகத் தெரியும். 'டான் ஆஃப் த டெட்' (1978) படத்தில் ஒப்பனைக்காரர் டாம் சவினி பயன்படுத்திய ரத்தம் திரையில் பளீரென்று மெழுகுச் சிவப்பில் வந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவுக்கோ படத்தின் சித்திரக்கதைத் தன்மைக்குப் பொருந்துவதாகப் பட்டது. அந்தப் படத்தின் ரத்தம் போலியாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

'எக்ஸார்சிஸ்ட்' (1973) ஒப்பனைக்காரர் டிக் ஸ்மித்தின் கலவைதான் நெடுங்காலம் தொழிலின் அளவுகோல். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வெள்ளை கார்ன் சிரப் (சோளப் பாகு), ஏறக்குறைய 60 மி.லி. சிவப்பு உணவுச் சாயம், 25 மி.லி. மஞ்சள் சாயம், கெடாமல் இருக்க ஒரு தேக்கரண்டி மீதைல் பாரபென், கூடவே 60 மி.லி. போட்டோ-ஃப்ளோ. கடைசியில் சொன்னது புகைப்படச் சுருள் கழுவுவதற்கான திரவம். பாகு தோலிலும் துணியிலும் உருண்டு நிற்காமல் பரவி ஊற அது உதவியது. நச்சு என்பதால் வாய்க்குள் போகும் ரத்தத்தில் அதைச் சேர்க்கவே கூடாது. ஒளி ஊடுருவாமல் இருக்கச் சிறிது துத்தநாக ஆக்சைடு சேர்ப்பதும் உண்டு. மஞ்சள் எதற்கு என்று பலர் கேட்பார்கள். சிவப்புச் சாயத்தில் ஒளிந்திருக்கும் இளஞ்சிவப்பை அடித்து நிறுத்தத்தான்.

குறும்படம் எடுப்பவர்கள் இன்றும் சறுக்கும் இடங்கள் இவை. பாகின் ஊடே விளக்கு தெரிந்தால் ரத்தம் ஜாம் ஆகிவிடும். கோகோ தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து, கப்புக்கு ஒரு தேக்கரண்டி சேர்த்தால் ஊடுருவல் நிற்கும், நிறமும் ஆழமாகும். வீட்டில் காய்ச்சிய சர்க்கரைப் பாகு காய்ந்தால் கற்கண்டாகப் பூத்துவிடும். கார்ன் சிரப்போ லிக்விட் குளுக்கோஸோ பூக்காது. நீல ஒளியில் சிவப்பு கறுப்பாகிவிடும். நிலவொளி வேண்டும் என்று காட்சிக்கு நீலம் போட்டால் ரத்தத்தை ஒரு படி வெளிரச் செய்ய வேண்டும், அல்லது ரத்தத்தின் மேல் மட்டும் வெள்ளை ஒளிக்கீற்று விழ வேண்டும். உணவுச் சாயம் தோலில் இரண்டு மூன்று நாள் நிற்கும், ஆகவே முன்கையில் பூசிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது நல்லது. கண்ணுக்கு அருகே வேண்டாம்.

அளவைவிட முக்கியம் நேரம். நிஜ ரத்தம் சில நிமிடங்களில் உறையத் தொடங்கும். காற்றுப் பட்டுப் பழுப்பாகும். படத்திலோ நாயகி இரவு முழுக்க ஓடி விடியும்போதும் சட்டையில் புது ரத்தம் பளபளக்கும், பாகு காயாது என்பதால். ஒவ்வொரு காட்சிக்கும் பழுப்பு கூடிய இன்னொரு கலவை வைத்திருப்பவர்தான் தொழில் தெரிந்தவர். தமனி அறுந்தால் நாடிக்கு நாடி பீச்சும், பிறகு அழுத்தம் குறையக் குறைய வீச்சும் குறையும். இறந்து வெகு நேரம் ஆன உடலைக் குத்தினால் பீச்ச இதயம் ஓடவில்லை. இந்த ஒன்றைக் கவனித்தாலே ஒரு படம் தன் ரத்தத்தை யோசித்து ஊற்றியதா, வாளியில் ஊற்றியதா என்று சொல்லிவிடலாம். வாளியில் ஊற்றுவதும் ஒரு கலைதான் என்பதை மறுக்கவில்லை. பீட்டர் ஜாக்சனின் 'பிரெய்ன்டெட்' (1992) இறுதிக் காட்சிக்கு 300 லிட்டர் செயற்கை ரத்தம் செலவானதாகச் சொல்லப்படுகிறது. ஒரு மனிதருக்கு ஏறக்குறைய 5 லிட்டர் என்றால் அறுபது பேரின் ரத்தம். அங்கே குமட்டல் எல்லை தாண்டிச் சிரிப்பாகிறது, வேண்டுமென்றேதான். அந்தப் படத்தை 'கோரம்' என்ற ஒரு சொல்லால் எச்சரித்தால் வாசகருக்கு முக்கியமான செய்தி போய்ச் சேரவில்லை.

தணிக்கையும் நிறத்தில் கை வைக்கும். 'டாக்ஸி டிரைவர்' (1976) துப்பாக்கிச் சண்டையில் ரத்தம் மங்கிப் பழுப்பாக இருப்பது கடுமையான சான்றிதழைத் தவிர்க்க நிறத்தைக் குறைத்ததால். 'ஈவில் டெட் 2' (1987) பச்சை, கறுப்பு என்று பீச்சியடித்ததும் அதே கணக்கில்தான். நிறம் மாறினால் ரத்தம் ரத்தமாகக் கருதப்படாது என்ற நம்பிக்கை.

சதைக்கு வருவோம். ஜெலட்டின், ஃபோம் லேட்டெக்ஸ், சிலிகான் மூன்றும் மூன்று குணம். ஜெலட்டின் மலிவு, தோல்போல ஒளி வாங்கும். ஆனால் விளக்கின் வெப்பத்திலும் நடிகரின் வியர்வையிலும் இளகி வழியும். நீண்ட படப்பிடிப்புக்கு ஆகாது. ஃபோம் லேட்டெக்ஸ் லேசு, முகபாவத்தோடு அசையும். அடுப்பில் சுட்டு எடுக்க வேண்டும், ஒளி ஊடுருவாது என்பதால் தோலின் ஆழத்தைப் பல அடுக்கு வண்ணத்தால் ஏமாற்ற வேண்டும். சிலிகான் அண்மைக் காட்சிக்கு ராஜா, ஆனால் கனம். எதுவானாலும் மானம் போவது ஓரத்தில்தான். தோலோடு சேரும் விளிம்பு காகிதத்தைவிட மெல்லியதாக இல்லாவிட்டால் பக்கவாட்டு விளக்கில் கோடு விழும். காயத்தைச் சுற்றி ரத்தம் வட்டமாகப் பூசியிருந்தால் அங்கே விளிம்பு சரியில்லை என்று பொருள் கொள்ளலாம்.

ஜான் கார்பென்டரின் 'த திங்' (1982) நெஞ்சு வாய்போலத் திறந்து மருத்துவரின் இரு கைகளையும் கடித்துத் துண்டிக்கும் காட்சியை நாற்பதாண்டு கழித்தும் யாரும் மிஞ்சவில்லை என்பது எங்கள் ஒருமித்த கருத்து. இரு கைகளும் இல்லாத ஒருவருக்கு மருத்துவரின் முகமூடியை மாட்டி, ஜெலட்டின் சதையும் மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் கொண்ட கைகளைப் பொருத்தினார் ஒப்பனைக்காரர் ராப் பாட்டின். அந்த வேலையை ஏற்றபோது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) படத்தில் தோலிலிருந்து மயிர் முளைப்பது, செயற்கைத் தோலின் ஊடே மயிரைப் பின்பக்கமாக இழுத்துப் படமெடுத்துத் தலைகீழாக ஓட்டியது. அந்த உருமாற்றம் வெளிச்சமான அறையில் நடக்கிறது என்பதே அதன் திமிர். ஒப்பனைக்கான தனி ஆஸ்கர் விருது முதன்முதலில் போனது அதைச் செய்த ரிக் பேக்கருக்குத்தான்.

கணினி ரத்தம் ஏன் ஒட்டுவதில்லை? திரையில் பீச்சுகிறது, சுவரில் விழுவதில்லை. துணி நனைவதில்லை, தரை வழுக்குவதில்லை, அடுத்த ஷாட்டில் அது இருந்த சுவடே இல்லை. கிராஃபிக்ஸ்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. நிஜ பாகு ஊற்றினால் ஒவ்வொரு டேக்குக்கும் புதுச் சட்டை, தரை கழுவல், ஒப்பனை மறுபடி. ஒருநாளில் எடுக்கும் ஷாட் பாதியாகும். காற்றில் பறப்பதைக் கணினியில் செய்து, விழுந்ததைப் பாகில் செய்வதுதான் நடுவழி. இரண்டும் கலந்திருந்தால் பெரும்பாலோர் கண்டுபிடிக்கவே மாட்டார்கள்.

கிலியைப் பற்றி எழுதுவது கடினம், ஏனென்றால் அது காட்டாததில் இருக்கிறது. 'ஜாஸ்' (1975) படத்துக்குச் செய்த இயந்திரச் சுறா உப்பு நீரில் படுத்துவிட்டது. அதனால் சுறாவைக் காட்டாமல் நீர்மட்டத்தையும் மிதவைகளையும் இசையையும் காட்டினார்கள். 'த ஹான்டிங்' (1963) படத்தில் பேய் என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. மூடிய மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கி உப்புகிறது. பின்னாலிருந்து ஆள் தள்ளியதுதான். தெரிந்த பிறகும் அந்தக் கதவு சும்மா இருப்பதில்லை. 'த டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' (1974) பெயரைக் கேட்டவர்கள் ரத்த ஆறு என்று நினைப்பார்கள். இயக்குநர் டோபி ஹூப்பர் லேசான சான்றிதழ் கிடைக்கும் என்று நம்பி ரத்தத்தைக் குறைத்தே எடுத்தார். கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் பாராததையும் பார்த்ததாகச் சொன்னார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது தணிக்கை அதிகாரிக்கும் பொருந்தும் போலும்.

கிலிக்கு முதுகெலும்பு ஒலி. 'ஹாலோவீன்' (1978) படத்தை இசையும் சிறப்பு ஒலிகளும் சேர்க்காமல் ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லை என்று அதன் இயக்குநர் கார்பென்டரே சொல்லியிருக்கிறார். பிறகு ஐந்து தட்டுக் கணக்கில் ஓடும் அந்தப் பியானோவை வைத்தார். நான்குக்குப் பழகிய காலுக்கு ஐந்தாவது தட்டு ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கும். ஏதோ சரியில்லை என்று தோன்றும், எது என்று தெரியாது. 'சைக்கோ' குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் இயக்குநர் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் தந்திக் கருவிகளை மட்டும் வைத்து எழுதிக் காட்டிய பிறகு மனம் மாறினார்.

காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியை ஒளித்து வைத்துப் பயமுறுத்துகிறார்கள் என்று ரசிகர்களிடம் ஒரு பேச்சு உண்டு. தாழ்ந்த ஒலியைச் சில படங்கள் பயன்படுத்தியது உண்மை. 'இர்ரிவர்சிபிள்' (2002) முதல் அரைமணி நேரத்தில் 27, 28 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு முனகல் ஓடுகிறது. ஆனால் டி.வி.யின் சொந்த ஒலிபெருக்கியோ போனோ அந்த ஆழத்துக்கு இறங்கவே இறங்காது. போனில் பார்த்துவிட்டு "அந்த ஒலிதான் என்னை ஏதோ செய்தது" என்பவரை ஏதோ செய்தது வேறு ஏதோ.

'த ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்' (1999) வகைக் கைக்கேமரா படங்களில் இன்னொரு குழப்பம். கேமரா ஆட்டத்தில் வரும் தலைசுற்றலைப் பலர் பயக்கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது பேருந்துப் பயண வாந்தியின் உறவு. பின்வரிசையில் உட்காருவதும், வீட்டில் விளக்கைப் போட்டுத் திரையின் சட்டம் கண்ணில் படும்படி வைப்பதும் உதவும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள். திகில் பட விமர்சனத்தில் திடுக்கிடல், கிலி, குமட்டல் மூன்றில் எது தூக்கல் என்று சொல்லுங்கள். ரத்தக் காட்சி உண்டு என்பதோடு நிறுத்தாமல் எந்த உறுப்பு என்று எழுதுங்கள். தலை சிதறுவதைச் சிரித்துக்கொண்டே பார்ப்பவர்கள் நகம் பிடுங்கும் காட்சியைத் தாங்க மாட்டார்கள். கண், பல், ஊசி மூன்றும் தனி. கதையை உடைக்காமலே இதைச் சொல்லலாம். விலங்கு உண்மையாகவே கொல்லப்பட்டதா என்பதையும் மறைக்க வேண்டாம். 1980-இன் 'கேனிபல் ஹாலோகாஸ்ட்' படத்தில் நடிகர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்கும் நிலைக்கு இயக்குநர் தள்ளப்பட்டார், அவர்கள் சாகவில்லை. விலங்குகள் மட்டும் நிஜமாகவே செத்தன. எங்களில் ரத்தத்துக்கு அஞ்சாதவர்களும் அந்தப் படத்தின் பெயரைக் கேட்டால் தலையாட்டி மறுப்பது அதனால்தான்.

மின்னும் ஒளி இருந்தால் அது தனி எச்சரிக்கை. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிட்டால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. எந்தக் கட்டத்தில் வருகிறது, ஏறக்குறைய எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று குறித்தால் அவர்கள் முன்கூட்டியே கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு கண்ணைக் கையால் முழுக்க மூடிக்கொள்வதும் பாதுகாப்பு. இரண்டு இமைகளையும் மூடினால் போதாது, ஒளி இமையைத் தாண்டும்.

விமர்சகர் படத்தை எதில் பார்த்தார் என்பதையும் அடியில் ஒரு வரி போடுங்கள்: திரையரங்கா, டி.வி.யா, ஹெட்போனோடு போனா. "ஒலியமைப்பு சுமார்" என்ற வரியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதை அதை வைத்து நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
திகில் பட ரசிகர்கள் சிலர்